கடைசிக் கையெழுத்து யாருடையது? புதுச்சேரியும் பிற நாடுகளும்: கேள்வி பதில்

கேள்வி (லாஸ்பேட்டை): சார், நமக்கும் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. அப்புறம் ஏன் எதற்கெடுத்தாலும் கோப்பு துணைநிலை ஆளுநர் இருக்கும் ராஜ்நிவாசுக்குப் போகிறது?

பதில்: எல்லாம் 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டம் செய்யும் வேலை. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். அதாவது, டெல்லிதான் முடிவு சொல்லும். அதுவரை காத்திருக்க முடியாத அவசரம் என்று ஆளுநர் கருதினால், அவரே நடவடிக்கை எடுக்கலாம். எந்த நாட்டு ஆட்சிமுறையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இருவர் முரண்பட்டால் கடைசிக் கையெழுத்து யாருடையது?

கேள்வி (கடலூர் முதுநகர்): இப்படி வெளிநாட்டில் எங்காவது உண்டா, ஐயா?

பதில்: உண்டு. வாஷிங்டன் நகர மக்கள் மேயரையும் மன்றத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் மன்றம் போடும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தடுக்க முடியும். அங்கே அவர்களின் பிரதிநிதிக்கு சட்டங்கள் மீது இறுதி வாக்களிக்கும் உரிமையும் இல்லை. ஆஸ்திரேலியத் தலைநகரப் பிரதேசமான கான்பெரா நம்மைவிட எவ்வளவோ மேல். 1988-இல் தன்னாட்சி பெற்ற அந்தப் பிரதேசத்துக்கு ஆளுநரே கிடையாது. முதலமைச்சரைச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2011-க்குப் பிறகு அந்நாட்டு மத்திய அரசு தன் உத்தரவால் மட்டும் அவர்கள் சட்டத்தை ரத்து செய்ய முடியாது, நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியாக வேண்டும்.

கேள்வி (முத்தியால்பேட்டை): நியமன எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுவது சரியா?

பதில்: சட்டப்படி சரி. மத்திய அரசே நியமிக்கலாம், நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆனாலும் எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை. பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் பெரும்பாலோர் நியமிக்கப்பட்டவர்கள். கனடாவின் செனட்டில் எல்லோருமே அப்படித்தான். நம் மாநிலங்களவையிலும் 12 பேர் உண்டு. ஆனால் இந்த அவைகள் எதுவும் ஓர் அரசைக் கவிழ்க்க முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்த கீழவைக்குத்தான் அந்த அதிகாரம். இங்கோ இருப்பது ஒரே அவை. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருடன் ஓட்டுக் கேட்காத 3 பேரும் உட்கார்ந்து ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கிறார்கள். பெரும்பான்மை ஒன்றிரண்டில் நிற்கும் சின்ன சபையில் இது சாதாரண விஷயமில்லை.

கேள்வி (குருசுக்குப்பம்): எங்கள் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார். அங்கே மிஷின் இல்லையாமே?

பதில்: தூதரகம் நடத்தும் வாக்குச்சாவடியில் மிஷின் இல்லை, காகிதம்தான். மேசையில் ஒவ்வொரு வேட்பாளர் பெயரிலும் தனித்தனிச் சீட்டு அடுக்கியிருக்கும். பெரியப்பா சில சீட்டுகளையும் ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போவார். ஒன்றை மட்டும் உறையில் வைத்து, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பெட்டியில் போடுவார். ‘வாக்களித்தார்’ என்று பிரெஞ்சில் உரக்க அறிவிப்பார்கள், பிறகு கையெழுத்து. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டி.

கேள்வி (காரைக்கால்): சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டால் மாநில அந்தஸ்து வந்துவிடுமா?

பதில்: வராது. தீர்மானம் என்பது கோரிக்கைதான். நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். கோவா 1987-இல் அப்படித்தான் மாநிலமானது.