பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடிய வண்டி

வணக்கம் ஐயா,

என் அக்கா மகனுக்கு 26 வயது. சொந்தத் தொழில், நல்ல வருமானம். போன மாதம் பெங்களூரிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். எட்டு வருடத்து வண்டி, ஆனால் 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பார்த்தால் புதிது போலவே இருக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் நண்பன் ஒருவனை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறான். அவன் திரும்பும் வரை அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "ஆறு ஏர்பேக் இருக்கிறது மாமா, இதைவிடப் பாதுகாப்பான வண்டி கிடையாது" என்கிறான். ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் கார் விபத்தில் இறந்தது காரின் குறையால்தானே? தேர்ந்த ஓட்டுநருக்கே அப்படி நடக்கிறதென்றால் அதை விதி என்றுதானே சொல்ல வேண்டும்? அவனிடம் நான் என்ன சொல்வது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

விதி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் டயரைப் பார்ப்போம்.

2013 நவம்பர் 30 அன்று அந்தக் காரை ஓட்டியவர் வாக்கர் அல்ல; அவருடைய நண்பர் ரோஜர் ரோடாஸ். கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர், கற்றுக்குட்டி அல்ல. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரிட்டா என்ற ஊர். பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சியின் நடுவே இருவரும் ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பினார்கள். வண்டி, போர்ஷே கரேரா ஜிடி. இருக்கைக்குப் பின்னால் 5.7 லிட்டர் பத்து சிலிண்டர் என்ஜின், 600 குதிரைத்திறனுக்கு மேல். வழுக்கும்போது தானாகவே வண்டியை நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதில் கிடையாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 130க்கும் 150க்கும் இடைப்பட்ட வேகத்தில் போனதாகக் காவல்துறை விசாரணை சொன்னது. விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பிடித்தது. இருவரும் இறந்துபோனார்கள்.

இயந்திரக் கோளாறு எதையும் விசாரணை கண்டுபிடிக்கவில்லை. வாக்கரின் மகள் தொடுத்த வழக்கு காரின் வடிவமைப்பைக் குற்றம் சொன்னது. 2017இல் அது சமரசமாக முடிந்தது. நீங்கள் கேட்ட 'காரின் குறை' அந்த வழக்கில் வந்ததுதான். நான் பிடித்துக்கொள்வது விசாரணையில் வெளிவந்த வேறொரு சிறிய செய்தியை. அந்த வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை.

டயர் ஓடித் தேய்வது நமக்குத் தெரியும். ஓடாமலே கெடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. வெயில், சூடு, காற்று எல்லாம் சேர்ந்து ரப்பரை உலர்த்தி இறுக்கிவிடுகின்றன. பட்டன் என்று சொல்லும் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும், கடைக்காரர் விரலை விட்டுக் காட்டுவார், ஆனால் தரையைக் கவ்வும் குணம் போயிருக்கும். பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கும்படி எந்த டயர் நிறுவனமும் சொல்வதில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு விற்றவர் பெருமையாகச் சொன்ன அந்த 11,000 கிலோமீட்டர் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நிறைய ஓடிய வண்டி என்றால் இதற்குள் இரண்டு முறை டயர் மாறியிருக்கும். இதில் பெங்களூரில் பூட்டின டயரே இன்னும் இருக்கலாம்.

எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அது தரையைத் தொடுவது உள்ளங்கை அகலமுள்ள நான்கு இடங்களில்தான். முடுக்குவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளின் வேலை. 2025 ஜூலையில் போர்ச்சுகல் கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பியும் ஸ்பெயினில் லம்போர்கினி காரில் இறந்தபோதும், இன்னொரு வண்டியை முந்துகையில் டயர் வெடித்ததாகவே காவல்துறை சொன்னது. விடியற்காலை ஊட்டிப் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். டிசம்பர் மாத விடியலில் குன்னூர்க் குளிரில் அது பலகை மாதிரிக் கிடக்கும்.

அடுத்தது கால். வளைவில் வேகம் கூடிவிட்டது என்று பயந்ததும் நாம் எல்லோரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்துவிடுவோம். என்ஜினைப் பின்னாலோ நடுவிலோ வைத்த வண்டியில் அப்படிச் செய்தால் பாரம் முன்னால் சரியும், பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். சாதாரணக் காரிலேயே பழகிய காலுக்கு இது தெரியாது. வேகம் கூடுவதற்கு முன்பே, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்குத் தெரிந்த வைத்தியம் இல்லை.

ஒரு நண்பர் தன் வண்டியை என்னிடம் ஓட்டக் கொடுத்தார். நான்குவழிச் சாலை, உள்ளே சத்தமே இல்லை, தொண்ணூறு போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசியபடி ஓட்டினேன். தற்செயலாக மீட்டரைப் பார்த்தால் 150. அதைவிட மோசம், அந்தச் சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் நுழைந்த பிறகு நடந்தது. அறுபதுக்குக் குறைத்தபோது வண்டி நின்றுவிட்டதைப் போலிருந்தது. அந்த மயக்கத்தில், வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை ஒன்றில் பறந்து விழுந்தோம். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிப் போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அந்த முதுகை நான் மறக்கவில்லை.

நூறில் போகும்போது ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கிறோம், இருநூறில் 56. பிரேக்கை மிதிப்பதற்கு முன் கழியும் தூரம் இது. மிதித்த பிறகு நிற்பதற்கு ஆகும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. மேட்டுப்பாளையம் சாலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு குறுக்கே திரும்பும் மொபெட்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

அந்த ஆறு ஏர்பேக்குகளைப் பற்றி எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அவை உள்ளே இருப்பவர்களுக்கானவை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷே டைகான் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். காருக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். சிறார் நீதி வாரியம் அந்தப் பையனை 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டது. நாடே கொதித்த பிறகுதான் உத்தரவு மாறியது. கட்டுரை எழுதியே காலம் தள்ளுகிறவன் நான். அதற்கு அவ்வளவு சக்தி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காரை விற்றுவிடச் சொல்லாதீர்கள். கேட்க மாட்டான், கேட்டாலும் அடுத்ததை உங்களுக்குத் தெரியாமல் வாங்குவான். எனக்கும் அந்த வண்டிகள் பிடிக்கும், அதை மறைத்து உபதேசம் செய்ய மனமில்லை. வேகம் பார்க்க வேண்டுமா, உங்கள் ஊரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. அங்கே ஓட்டக் கிடைக்கும் நாட்களை விசாரித்து, சொல்லிக்கொடுக்க ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டட்டும். வண்டி கைமீறும் இடம் எது என்று அங்கே ஒருமுறை தெரிந்துகொண்டவன் சாலையில் அதைத் தேடிப் போவது குறைவு. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கும் பொத்தானில் சாலையில் இருக்கும்போது கையே வைக்கக் கூடாது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் மலையிறக்கத்தில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும்.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் டிஓடி என்று தொடங்கும் வரிசை இருக்கும். அதன் முடிவில் நான்கு இலக்கங்கள். 3517 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் அது உட்பக்கம் இருக்கும், குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். தாய்மாமன் வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் குனிந்தால் மாப்பிள்ளையும் கூடக் குனிவான். நான்கு டயரையும் பார்த்துவிட்டு எண்களை எனக்கு எழுதுங்கள். அதுவரை ஊட்டிக்கு அக்காவின் பழைய காரில் போகட்டும்.