இரவில் வண்டி எங்கே நிற்கும்? – மின்சாரக் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி செலவுக் கணக்கு, கால்வாசி பேட்டரி பயம். மீதியில் ஒன்றைப் படித்துவிட்டு எனக்கே கை நடுங்கியது. அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கார் வாங்கினால் மாதம் எவ்வளவு செலவாகும்?

மொத்தக் கடிதமும் இவ்வளவுதான். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், சார்ஜ் எங்கே போடப் போகிறீர்கள், இப்போது கையில் என்ன வண்டி, ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடம் போய் "எனக்கு எத்தனை மாத்திரை?" என்று மட்டும் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

சரி, வழியைச் சொல்கிறேன், எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நடுத்தர அளவுக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் ஓடும். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போவதற்குள் பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகவே வீணாகிவிடும், மீட்டர் அதையும் சேர்த்துத்தான் ஓடும். ஆக, வருடத்துக்கு 15,000 கிமீ ஓட்டுபவருக்குச் சுமார் 2,600 யூனிட். லிட்டருக்கு 15 கிமீ தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 1,000 லிட்டர் குடிக்கும். உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலை, 2.6 யூனிட் கரண்ட் என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எரிபொருள் கணக்கு அவ்வளவுதான்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் அடுக்குக் கட்டணமாக இருந்தால், காரின் யூனிட்டெல்லாம் மேல் அடுக்கில்தான் போய் விழும். பழைய பில்லைப் பார்த்துச் சராசரி போடாதீர்கள். இன்னொன்று, வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் விலை வீட்டு விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். எப்போதும் அங்கேயே போடுகிறவருக்குப் பெட்ரோலோடு பார்த்தால் பெரிதாக மிச்சம் நிற்காது. அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது: வண்டி இரவில் எங்கே நிற்கும்?

வாடகை வீடு, வண்டியைத் தெருவில்தான் நிறுத்துவேன். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் தினமும் சார்ஜ் போட வசதி இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

கம்பெனி 450 கிமீ என்றது. எனக்கு 330தான் கிடைக்கிறது. வண்டியில் குறையா, ஏமாற்றா?

இரண்டும் இல்லை. அந்த 450 சோதனைக்கூடத்து எண். இன்று பரவலாக உள்ள டபிள்யூஎல்டிபி சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர ஓட்டம், 23 கிமீ சொச்சம், சராசரி வேகம் 47 கிமீகூட வராது. வெப்பநிலை 23 டிகிரி, ஏசி ஓடாது. நீங்கள் நாலு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, நெடுஞ்சாலையில் 120இல் போனால் அந்த எண் எப்படி வரும்?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100இலிருந்து 120க்குப் போனால் வேகம் கூடியது இருபது சதவீதம்தான், காற்று தள்ளும் விசை நாற்பத்து நான்கு சதவீதம் கூடிவிடும். பெட்ரோல் காரில் எஞ்சினே முக்கால்வாசியைச் சூடாக வீணாக்குவதால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மின்சாரக் காரில் உறைக்கும். ஊருக்குள் நின்று நின்று போகும்போது, பிரேக்கில் போகவேண்டிய சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புவதால் கணக்கு அப்படியே தலைகீழ்: நகரத்தில் அதிகம் ஓடும், நெடுஞ்சாலையில் குறைவு. விளம்பர எண்ணில் முக்கால் பங்கை உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கடும் குளிர் உள்ள ஊர் என்றால் இன்னும் கொஞ்சம் கழியுங்கள்.

தினமும் 100% சார்ஜ் போட்டால் பேட்டரி கெடுமா?

எந்த வகை பேட்டரி என்று எழுதவேண்டாமா? எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் வாரம் ஒருமுறையாவது 100 வரை போடச் சொல்லிப் பல கையேடுகளிலேயே இருக்கும், இல்லாவிட்டால் வண்டி சதவீதத்தைத் தப்பாகக் காட்டும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை என்றால் தினசரிக்கு 80 போதும், பயணத்துக்கு முந்தைய இரவு 100. எந்த வகையானாலும், நிறைய ஏற்றிவிட்டு வெயிலில் நாள்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள்.

மூன்று பின் பிளக்கில் சார்ஜ் போட்டபோது சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்தார். இப்போது பச்சை எரிகிறது, ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை. சார்ஜரிலிருந்து வண்டிக்கு நீளம் பத்தாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருக்கிறேன். அது லேசாகச் சூடாகிறது, பரவாயில்லையா?

பரவாயில்லையாவா! இதைப் படித்த உடனே முதலில் அந்தப் பாயிண்டின் பிரேக்கரை இறக்குங்கள். அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு கோளாறு இல்லை. "உன் வீட்டில் எர்த் இல்லை, நான் கரண்ட் விடமாட்டேன்" என்று பெட்டி சொன்னது. அதற்கு எர்த் போட்டுக் கொடுக்காமல் அதன் கண்ணைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் உங்கள் ஆள். இனி என்ன நடக்கும் தெரியுமா? எங்கோ போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்தது என்று வையுங்கள். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், அந்தச் சின்ன ஒயர் வழியாக எர்த் பின்னுக்கு வரும், அங்கிருந்து காரின் உடம்புக்கு. கார் நிற்பது ரப்பர் டயரில். அதனால் கரண்ட் தரைக்கு இறங்காது, காத்திருக்கும். காலையில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் முதல் ஆள் வழியாகத்தான் இறங்கும். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறதே என்பீர்கள். ஸ்க்ரூ தளராமல் இருக்கும்வரை, எர்த் வழியாகப் போகவேண்டிய கசிவு இப்போது நியூட்ரல் வழியாகவே திரும்புவதால், அதன் கணக்கில் போனதும் வந்ததும் சரியாக இருக்கும். கசிவு இருப்பதே அதற்குத் தெரியாது. ஆறு மாதம் பிரச்சினை இல்லை என்றால் ஆறு மாதம் அந்த ஸ்க்ரூ தளரவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்டென்ஷன் விஷயம். இதைப் பல தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். வாட்டர் ஹீட்டரும் இதே பாயிண்டில் ஓடுகிறதே என்று வாதாடுவார்கள். ஹீட்டர் ஓடுவது பத்து நிமிடம். கார் இழுப்பது 10 ஆம்ப், எட்டு மணி நேரம், இடைவெளியே இல்லாமல். இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்தால் போதும், அங்கே 50 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து இரவு முழுக்க ஆன் செய்துவிட்டுத் தூங்கப் போவதும் இதுவும் ஒன்று. 16 ஆம்ப் என்றால் அதே இடத்தில் 128 வாட். மீதி ஒயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியேறவும் வழியில்லை. எக்ஸ்டென்ஷன் கூடாது என்று கார்களின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கும். யார் படிக்கிறார்கள்?

போன மாதம் ஒரு வீட்டில் பிளக்கை உருவினேன். வரமாட்டேன் என்றது, ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன். கீழ் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம், பின்னின் பித்தளை நீலம் பாய்ந்து போயிருந்தது, பொசுங்கிய பிளாஸ்டிக் வாடை. பின்னால் திறந்து பார்த்தால் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது முழுதாக அரைச் சுற்றுகூட இல்லை. வீட்டுக்காரர் "லேசாத்தான் சூடாகும்" என்றார். உங்கள் கடிதத்திலும் அதே "லேசாக".

செய்யவேண்டியது: லைசென்ஸ் உள்ள வேறொரு எலக்ட்ரீஷியன். முறையான எர்த், அளந்து காட்டச் சொல்லுங்கள். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், தனி பிரேக்கர், காருக்குத் தோதான லீக்கேஜ் பிரேக்கர். சார்ஜர் கேபிள் எட்டும் தூரத்தில் பாயிண்ட். பல லட்சம் மதிப்புள்ள வண்டியை வாங்கிவிட்டுச் சுவரில் மிச்சம் பிடிக்கிறவர்களை என்ன சொல்ல! வண்டியை மட்டும் பார்க்காதீர்கள், சுவரையும் பாருங்கள்.

மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். வண்டியும் சார்ஜர் கேபிளின் முனையிலுள்ள துப்பாக்கியும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு பூட்டிக்கொண்ட பிறகுதான் கரண்டே வரும். நனையக் கூடாதது சுவர்ப் பக்கம். எர்த் பார்த்தீர்களா?

22 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் சீக்கிரம் ஏறுமா? என் காரில் 7 என்று போட்டிருக்கிறது.

ஏறாது. வீட்டுக் கரண்டில் போடும் ஏசி சார்ஜிங்கில் (குளிரூட்டும் ஏசி இல்லை, மாறுமின்னோட்டம்) வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருக்கும் சார்ஜர். 7 வாங்கும் வண்டி 7தான் வாங்கும். தினம் 50 கிமீக்குள் ஓட்டுகிறவர்களுக்கு 10 ஆம்ப் பாயிண்டே போதும்: பத்து மணி நேரத்தில் 23 யூனிட், நூற்று இருபது கிமீக்கு மேல்.

டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் ஏசியோடு மாட்டிக்கொண்டால் வண்டி நின்றுவிடுமா?

முதலில் குளிர்ந்து முடித்த பிறகு ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் சாப்பிடும். மூன்று மணி நேரத்துக்கு மூன்று. 60 யூனிட் பேட்டரியில் அது ஐந்து சதவீதம். பாட்டுக் கேட்டுக்கொண்டு இருங்கள்.

ஆயில் மாற்றவேண்டாம், சர்வீஸே கிடையாது என்கிறார்களே?

எஞ்சின் ஆயில் இல்லை, சரி. டயர்? அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை இருநூறு, முந்நூறு கிலோ கூட, மிதித்த உடனே முழு இழுவை. சிக்னலில் பறக்கும் ஆசாமி என்றால் டயர் பில் வரும்போது தெரியும். மாற்றும்போது சுமை எண் (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) குறைந்த மலிவு டயரை மாட்டாதீர்கள். பிரேக் பேட் அவ்வளவாகத் தேயாது, ஆனால் பயன்படுத்தாமலே டிஸ்க்கில் துரு ஏறும். வாரம் ஒருமுறை காலி ரோட்டில் நன்றாக அழுத்தி நிறுத்துங்கள். பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பல வண்டிகளில் பேட்டரிக்கான கூலன்ட்டும் உண்டு. காப்பீட்டு பிரீமியமும் பெரும்பாலும் கூடுதல்தான், வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆறு வருடப் பழைய மின்சாரக் கார் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

விலையை எழுதியவர் மாடலை எழுதவில்லை! பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2010இல் வந்த நிஸ்ஸான் லீஃபில் அது கிடையாது, வெயில் ஊர்களில் அதன் பேட்டரி சீக்கிரம் தளர்ந்த கதை உலகத்துக்கே தெரியும். அப்புறம் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தை ஓபிடி கருவி (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிப் படிப்பது) வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இன்னும் இவ்வளவு ஓடும் என்று டேஷ்போர்டு காட்டும் கிலோமீட்டர் வெறும் ஊகம், கடைசியாக ஓட்டியவர் மெதுவாக ஓட்டியிருந்தால் அதுவும் அழகாகத் தெரியும். வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிமீ, 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான். 71இல் நின்றால் ஒரு பைசா வராது. உங்களுக்கு மிச்சம் இரண்டு வருடம். வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தில் அடிபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, இரவில் உங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கும் என்றால் எடுங்கள்.

பேட்டரி 80% இருந்தும் காலையில் கதவே திறக்கவில்லை. ஏன்?

பெரிய பேட்டரி இல்லை, சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டது. பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தாலோ, ஓபிடியில் எதையாவது செருகி விட்டிருந்தாலோ இப்படித்தான் ஆகும். நாலு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ரிமோட்டுக்குள்ளே இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும், அதற்கான ஓட்டை பல வண்டிகளில் கைப்பிடி மூடிக்குக் கீழே இருக்கும். இன்றைக்கே ஒருமுறை திறந்து பழகிக்கொள்ளுங்கள்.