'யெஸ்'னா யெஸ்தானா?

போன இதழ்ல "வெளிநாட்டுக்காரங்களோட வேலை பாக்குறவங்க உங்க ஆபீஸ் இங்கிலீஷ் பிரச்சனைய எழுதுங்க"ன்னு கேட்டிருந்தேன். டென்ஸ், ப்ரெபொசிஷன்னு கேள்வி வந்து குவியும்னு நெனச்சு பழைய கிராமர் புக்க எல்லாம் தூசி தட்டி வச்சா, வந்த கடிதங்கள்ல கிராமர் கேட்டவங்க ரெண்டே பேரு. மத்தவங்க எல்லாம் சுத்தி சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்கிறாங்க, எதிராளி யெஸ்னாரா நோன்னாரான்னே தெரியல, நாம சொன்னது அவருக்கு எப்படிப் போய் சேந்துச்சுன்னும் தெரியல. பதினெட்டு வருஷமா கம்பெனி கம்பெனியா போய் க்ளாஸ் எடுக்குறேன், என் அனுபவமும் அதேதான்.

அக்கா, நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டீம் லீட். கிளையன்ட் ஜப்பான்காரங்க. போன மாசம் புது டிசைன காமிச்சப்போ ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அந்த மேனேஜர் "யெஸ், யெஸ்"னு சொல்லிட்டே இருந்தாரு. நாங்களும் சந்தோஷமா வேலைய ஆரம்பிச்சாச்சு. பத்து நாள் கழிச்சு "திஸ் இஸ் எ லிட்டில் டிஃபிகல்ட், வீ வில் கன்சிடர்"னு மெயில். எந்த இடம் டிஃபிகல்ட்னு கேட்டா பதிலே இல்ல. டபுள் கேம் ஆடுறாங்களா?
- வாசகர், கோயம்புத்தூர்

ஒரு கேமும் இல்ல தம்பி. சின்ன வயசுல பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுவோம்ல, கொட்டலன்னா "தூங்கிட்டியாடா"ன்னு கேக்கும். அந்த உம்முக்கு "ராஜா பண்ணது சரிதான்"னா அர்த்தம்? கேட்டுட்டு இருக்கேன், மேல சொல்லுன்னு அர்த்தம். ஜப்பான் மொழில 'ஹை'ங்கிற வார்த்தைக்கு ஆமாங்கிற அர்த்தமும் உண்டு, இந்த உம் கொட்டுற வேலையும் உண்டு. உம் கொட்டுறதுக்கு அவங்ககிட்ட 'ஐசுச்சி'ன்னு தனியா பேரே இருக்கு, அடுத்தவர் பேசும்போது சும்மா உக்காந்திருந்தாதான் அங்க மரியாதைக் குறைவு. மனசுல இருக்குற ஹை, இங்கிலீஷ்ல பேசும்போது வாயில யெஸ்ஸா வந்து விழுது. நீங்க அத அப்ரூவல்னு எடுத்துக்கிட்டீங்க.

அப்புறம் அந்த 'டிஃபிகல்ட்'. அவங்க மொழில 'முசுகாஷீ', நேர் அர்த்தம் கஷ்டம். ஆனா பிசினஸ் பேச்சுல ஒருத்தர் பல்லு இடுக்குல காத்த இழுத்துட்டு அத சொன்னாருன்னா முடியாதுன்னு அர்த்தம். 'கன்சிடர் பண்றோம்'ங்கிறதும் முக்கால்வாசி நேரம் அதுதான். இது என்ன புதுசா நமக்கு? கடன் கேட்டு வந்தவர்ட்ட "பாக்கலாம்ணே, இந்த மாசம் கொஞ்சம் டைட்டு"ன்னு சொல்றோம், அவர் மறுநாள் பைய எடுத்துட்டு வந்து நிக்கிறாரா என்ன? கல்யாணப் பத்திரிகைய வாங்கிட்டு "வரப் பாக்குறேன்"னு ஒருத்தர் சொன்னாலே அந்த இலைய கணக்குல இருந்து எடுத்துருவோம். ஊர்ல இவ்ளோ கச்சிதமா புரிஞ்சுக்கிற நாம, லேப்டாப்ப தொறந்து இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சதும் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பாக்குறோம், அதான் ஆச்சரியம். எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்க மானுடவியல்காரர் 1976ல எழுதுன புக்குல இத ஹை கான்டெக்ஸ்ட், லோ கான்டெக்ஸ்ட்னு பிரிச்சாரு. சொல்லாம விட்டதுலயே பாதி சேதி இருக்குற ஊரு ஹை, எல்லாத்தையும் வாய்விட்டு சொல்லிடுற ஊரு லோ. ட்ரெய்னிங் க்ளாஸ்ல இந்த ரெண்டு வார்த்தைய வச்சே ஒரு நாள ஓட்டிடுவாங்க. ஆனா அத ராசிபலன் மாதிரி பிடிச்சுக்காதீங்க, மூஞ்சிக்கு நேரா பேசுற டோக்கியோக்காரரையும் பாத்திருக்கேன், நாலு சுத்து சுத்தி வர்ற ஜெர்மன்காரரையும் பாத்திருக்கேன்.

சரி, என்ன பண்ணலாம்? ஜப்பான்ல 'நெமவாஷி'ன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மரத்த வேற இடத்துல நடறதுக்கு முன்னாடி வேர சுத்தி கொஞ்சம் கொஞ்சமா மண்ண தோண்டி பக்குவப்படுத்துவாங்களே, அந்த தோட்ட வேலைக்குப் பேரு அது. ஆபீஸ்ல அதே வார்த்தைக்கு, மீட்டிங்குக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயா தனித்தனியா பேசி சம்மதம் வாங்கிடுறதுன்னு அர்த்தம். மீட்டிங் வெறும் தாம்பூலம் மாத்துறதுதான், பேச்சுவார்த்தை எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். நீங்க தாம்பூலத் தட்டோடதான் முதமுறையா வீட்டுக்கே போயிருக்கீங்க! அடுத்த தடவை ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஸ்லைட அனுப்பிட்டு, மேனேஜருக்குக் கீழ இருக்குறவர்ட்ட "இதுல எதை முதல்ல மாத்தணும்?"னு கேளுங்க. "ஓகேவா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு ஓகேங்கிற ஒரே பதில்தான் வரும். முடிஞ்சதும் "இந்த மூணு விஷயத்த திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம்"னு ஒரு மெயில் போடுங்க, மறுப்பு இருந்தா எழுத்துல நிதானமா வரும்.

மேடம், என் அமெரிக்க மேனேஜர் கால்ல "யூ டிட்ன்ட் சென்ட் த ரிப்போர்ட்?"னு கேட்டாரு. நான் "யெஸ்"னேன். அவரு "கிரேட்"னு வச்சிட்டாரு. சாயங்காலம் பாத்தா ரிப்போர்ட் எங்கன்னு கோவமா மெசேஜ். நான் என்ன தப்பா சொன்னேன்?
- வாசகி, சென்னை

ஒண்ணுமே தப்பா சொல்லல, தமிழ்ல சொல்லிட்டீங்க. "அனுப்பலையா?"ன்னா நம்ம ஊர்ல "ஆமா, அனுப்பல." கேள்விய கேட்டவர் நெனப்பு சரியா தப்பாங்கிறதுக்கு நாம ஆமா போடுறோம். இங்கிலீஷ்ல அப்படி இல்ல, அனுப்பியிருந்தா யெஸ், அனுப்பலன்னா நோ, கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் சரி. வேடிக்கை என்னன்னா ஜப்பான்காரங்களும் நம்மள மாதிரிதான், ஸோ அவங்களும் இதே குழில விழுறாங்க.

எனக்கும் நடந்திருக்கு. வேலைக்கு சேந்த புதுசுல வெளிநாட்டுல இருந்து வந்த ஒரு அம்மா, ஒரு ரூம்ல "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?"ன்னாங்க. நான் பெரிய மனசு பண்ணி "யெஸ், யெஸ்"னேன். அவங்க கைய எடுத்துட்டு பேசாம போய் உக்காந்துட்டாங்க. மைண்ட் பண்றேன், தொறக்காதேன்னு நான் சொல்லியிருக்கேன்! ரெண்டு மணி நேரம் அந்த அம்மா வேர்த்துக்கிட்டே இருந்துச்சு, எனக்கு வீட்டுக்குப் போறப்போதான் உறைச்சுது.

வழி ஒண்ணே ஒண்ணு, யெஸ் நோவோட நிறுத்தாதீங்க. "ஐ ஹேவ்ன்ட் சென்ட் இட் யெட், ஐ வில் சென்ட் இட் பை ஃபோர்"னு முழு வாக்கியமா சொல்லிடுங்க. முன்னாடி யெஸ்ஸ தப்பா போட்டாலும் பின்னாடி வர்றது காப்பாத்திடும்.

நாங்க மட்டும்தான் இங்கிலீஷ் கத்துக்கிட்டே இருக்கணுமா? லண்டன் டீம் ஆளுங்க பேசுறது யாருக்குமே புரியல. ஜெர்மன், பிரேசில், நாங்க எல்லாரும் சேந்து பேசும்போது நல்லா ஓடுது, அவங்க உள்ள வந்ததும் சிக்கல்.
- வாசகர், ஓசூர்

நியாயமான கோவம். உலகத்துல இங்கிலீஷ தாய்மொழியா பேசுறவங்கள விட ரெண்டாவது மொழியா பேசுறவங்கதான் ரொம்ப அதிகம். நீங்க, ஜெர்மன், பிரேசில் மூணு பேரும் எளிமையான வார்த்தையா பொறுக்கி நிதானமா பேசுறீங்க. லண்டன்காரர் அவர் வீட்டுத் திண்ணைல உக்காந்து பேசுற மாதிரி பேசுறாரு, கிரிக்கெட் உவமை, பாதி விழுங்குன வார்த்தை, போதாததுக்கு ஜோக்கு. அதுலயும் "தட்ஸ் இன்ட்ரஸ்டிங்"னு அவர் சொன்னா பல நேரம் பிடிக்கலன்னு அர்த்தம், "வித் ரெஸ்பெக்ட்"னு ஆரம்பிச்சா நீங்க சொல்றது தப்புன்னு அர்த்தம். "க்வைட் குட்"னா அமெரிக்கருக்கு ரொம்ப நல்லாருக்கு, பிரிட்டிஷ்காரருக்கு ஏதோ பரவால்ல.

அவங்களுக்குள்ளயே இந்தக் கூத்து உண்டு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் அதிகாரிங்க ஒரு பேப்பர 'டேபிள்' பண்ணணும்னாங்க, அமெரிக்க அதிகாரிங்க கூடவே கூடாதுன்னாங்க, பெரிய வாக்குவாதம். பிரிட்டன்ல டேபிள் பண்றதுன்னா உடனே விவாதத்துக்கு எடுக்குறது, அமெரிக்கால ஒத்திப்போட்டு ஓரமா வச்சிடுறது. ரெண்டு தரப்பும் விரும்புனது ஒண்ணையேதான்னு பிறகுதான் தெரிஞ்சுது. சர்ச்சிலே இத எழுதி வச்சிருக்காரு. ஒரே மொழி, ஒரே போரு, ஒரே பக்கம், அப்பவும் இப்படி.

மீட்டிங்ல தயங்காம "ஸாரி, வாட் டூ யூ மீன் பை தட்?"னு கேளுங்க. உங்க ஹெச்.ஆர்.கிட்ட லண்டன் டீமுக்கும் ஒரு ட்ரெய்னிங் போடச் சொல்லுங்க. நான் எடுத்த க்ளாஸ்லயே நல்லா வேலை செஞ்சது இங்கிலீஷ்காரங்களுக்கு நிதானமா பேசச் சொல்லிக் குடுத்ததுதான், ஆனா அதுக்குப் பணம் குடுக்க கம்பெனிங்களுக்கு மனசு வர்றதில்ல.

பெரியவங்ககிட்ட, அதுவும் வெளிநாட்டு பாஸ்கிட்ட, "இது நடக்காது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரமாட்டேங்குது. "வில் ட்ரை சார்"னு சொல்லிட்டு ராத்திரி முழுக்க உக்காந்து முழிக்கிறேன். பணிவா சொல்றது தப்பா?
- பெயர் வேண்டாம், மதுரை

பணிவு தப்பே இல்ல. ஆனா பணிவுல சேதி கரைஞ்சு போயிடக்கூடாது. இதுக்கு நான் க்ளாஸ்ல சொல்றது ஒரு விமான விபத்து. 1990 ஜனவரி 25, கொலம்பியால இருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52ங்கிற போயிங் 707. மோசமான வானிலை, ட்ராஃபிக்கு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல வானத்துலயே சுத்த விட்டுட்டாங்க. எரிபொருள் தீந்துட்டு வருது. கீழ இருந்து விமானத்துக்கு வழி சொல்ற கன்ட்ரோல்கிட்ட பேசுன துணை விமானி 'ப்ரையாரிட்டி' வேணும்னாரு, எரிபொருள் தீருதுன்னும் சொன்னாரு, ஆனா 'எமர்ஜென்சி'ங்கிற வார்த்தைய சொல்லவே இல்ல. கன்ட்ரோலருக்கு அந்த ஒத்த வார்த்தை காதுல விழுந்தாதான் மத்த விமானத்த எல்லாம் ஒதுக்கி வழி விடுவாங்க. முதல் தடவை இறங்க முடியாம திரும்ப மேல ஏறுனப்போகூட அத சொல்லல. லாங் ஐலண்ட்ல ஒரு மலைச்சரிவுல விழுந்துச்சு, 158 பேர்ல 73 பேர் செத்துட்டாங்க. விழுந்த விமானத்துல தீகூட பிடிக்கல, எரிய எண்ணெய் இருந்தாதானே.

இப்படி பல விபத்த பாத்துதான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு பைலட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் மொழித் தேர்வ கட்டாயமாக்குச்சு, ஆறு படி, குறைஞ்சது நாலாவது படில இருக்கணும், 2008 மார்ச்ல இருந்து. அந்தத் தேர்வுல நுனிநாக்கு அழகுக்கு மார்க் இல்ல, எதிர்பாராத நேரத்துல சொல்ல வேண்டியத புரியுற மாதிரி சொல்றீங்களான்னுதான் பாக்குறாங்க.

உங்க ஆபீஸ்ல உயிர் ஒண்ணும் போயிடாது. ஆனா "வில் ட்ரை"ங்கிறது உங்க ப்ரையாரிட்டி. பாஸுக்கு அது யெஸ்ஸாதான் கேக்கும். "வெள்ளிக்கிழமைக்கு முழுசா முடியாது, பாதி தர்றேன், இல்ல செவ்வாய்க்கிழமை முழுசும் தர்றேன், எது வேணும்?"னு கேளுங்க. அதுல மரியாதையும் இருக்கு, முடியாதும் இருக்கு.

'டூ தி நீட்ஃபுல்', 'ப்ரீபோன்' எல்லாம் தப்பு இங்கிலீஷா?
- வாசகர், திருநெல்வேலி

தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒண்ண முன்கூட்டியே வச்சிக்கிறதுக்கு நாம சொல்ற ப்ரீபோன் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிலயே ஏறிடுச்சு. எனக்கே பிடிச்ச வார்த்தை, போஸ்ட்போன் இருக்கும்போது அது ஏன் இருக்கக்கூடாது? ஆனா வெளிநாட்டுக்காரருக்கு முதல் தடவை புரியாது. 'டூ தி நீட்ஃபுல்'ல, அதாவது 'வேண்டியத செய்யுங்க'ல, வேற சிக்கல், என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்ல. 'ஐ ஹேவ் எ டவுட்'டும் கவனம், அங்க அது சந்தேகக் கண்ணோட பாக்குற மாதிரி கேக்கும், 'கொஸ்டின்'னு மாத்திக்கோங்க. லட்சம், கோடிய மில்லியன்ல போடுங்க. தேதில மாசத்த எழுத்துல எழுதுங்க, 04/05ன்னா அமெரிக்கருக்கு ஏப்ரல் 5, நமக்கு மே 4, ஷிப்மென்ட் ஒரு மாசம் தள்ளிப்போன கதை என்கிட்டயே ரெண்டு இருக்கு.

எந்த பரீட்சை எழுதுனா வெளிநாட்டு கம்பெனில மதிப்பு?
- வாசகி, திருச்சி

கம்பெனியப் பொறுத்தது. ஜப்பான், கொரியா பக்கம்னா டோயிக். 1979ல ஜப்பான்ல ஆரம்பிச்சது, வழக்கமா எழுதுற பேப்பர்ல ரெண்டு மணி நேரம், 200 கேள்வி, 990க்கு மார்க். அங்க ரகுடேன்னு ஆன்லைன் வியாபாரக் கம்பெனி, 2010ல அதோட தலைவர் ஹிரோஷி மிகிடானி இனிமே எல்லாமே இங்கிலீஷ்லதான்னு அறிவிச்சு ரெண்டு வருஷம் டைம் குடுத்து டோயிக் மார்க் எடுக்கச் சொன்னாரு, கேன்டீன் மெனு, லிஃப்ட் போர்டு வரைக்கும் இங்கிலீஷாயிடுச்சு. ஆனா இந்தப் பேப்பர் வெறும் கேக்குறது, படிக்கிறது, கட்டத்த நிரப்புறதுதான். பேசுறதுக்கும் எழுதுறதுக்கும் தனிப் பரீட்சை. 900 வாங்கிட்டு மீட்டிங்ல வாயே தொறக்காதவங்கள நிறைய பாத்துட்டேன். ஐரோப்பா பக்கம்னா கேம்பிரிட்ஜோட பிசினஸ் இங்கிலீஷ் பரீட்சை, நாலு திறமையும் அதுல வரும், பேசுறதுக்கு எதிர்ல ஆளே உக்காந்திருப்பாங்க. என்னைக் கேட்டா அதுதான்.

ஜெர்மன் பாஸ் வயசு அறுபது, பேர் சொல்லி கூப்பிடுன்னு சொல்றாரு. நாக்கு கூசுது அக்கா.
- வாசகர், ஷ்டுட்கார்ட்

கூசத்தான் செய்யும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, ஜெர்மன் மொழிலயும் நம்மள மாதிரியே நீ, நீங்க ரெண்டும் இருக்கு, 'டூ', 'ஸீ'ன்னு. பெரியவர்தான் முதல்ல "டூன்னே கூப்பிடலாம்"னு வாய்தொறந்து சொல்லணும், சின்னவர் தானா ஆரம்பிக்கக் கூடாது. உங்க பாஸ் அத சொல்லிட்டாரு, அது ஒரு சலுகை மாதிரி. இப்பவும் நீங்க சார் சார்னா அவர் நீட்டுன கைய நீங்க பிடிக்கலன்னு ஆயிடும். கஷ்டமா இருந்தா முதல் வாரம் மெயில்ல மட்டும் பேர் போட்டு பழகுங்க. என்னை அக்கான்னே கூப்பிடுங்க, அதுல மாத்தம் வேண்டாம்.

வீடியோ கால்ல நாங்க தலையாட்டுறது ஆமாவா இல்லையான்னு கிளையன்ட் கேக்குறாங்க. ஆட்டாம இருக்க ட்ரெய்னிங் உண்டா?
- வாசகி, சேலம்

எனக்குத் தெரிஞ்சு இல்ல, க்ளாஸ் எடுக்குற நானே ஆட்டிக்கிட்டேதான் எடுக்குறேன். ஆட்டும்போதே வாயால "அக்ரீட்"னு சேத்து சொல்லிடுங்க.