மண்ணு ஈரமாத்தான் இருக்கு, ஆனா மல்லி வாடுது, என்ன பண்ண?

கேள்வி: சென்னைல மாடித்தோட்டம். தொட்டில 3 வருஷமா இருக்குற குண்டுமல்லி, மழை விட்டதும் இலை மஞ்சளாகி தொங்கிப் போச்சு. தண்ணி ஊத்தியும் நிமிரல. டிஏபி உரம் போடலாமா?

பதில்: டிஏபி வேண்டாம், தண்ணியையும் இன்னிக்கே நிறுத்துங்க. மண்ணு ஈரமா இருக்கும்போதே செடி வாடுதுன்னா வேருக்கு தண்ணிய இழுக்குற சக்தி போயிடுச்சுன்னு அர்த்தம், நாம வாடுதேன்னு இன்னும் ஊத்த ஊத்த இருக்குற வேரும் காத்தில்லாம அழுகும், பாதி செடி இப்படித்தான் போகுது.

குளிர் நேரத்துல மல்லி கொஞ்சம் இலை கொட்டுறது சகஜம், அதுக்கு பயப்படாதீங்க, ஆனா இலை தொங்குனா தொட்டிய சாச்சு மண்ணோட செடிய உருவிப் பாத்துடணும், மேலருந்து பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. நல்ல வேர் வெளுப்பா, கெட்டியா இருக்கும். அழுகினது பழுப்பா கறுப்பா இருக்கும், சாக்கடை வாடை அடிக்கும், ரெண்டு விரல்ல புடிச்சு இழுத்தா ஒயர் உறை உருவுற மாதிரி மேல்தோல் கையோட வந்துடும், உள்ள நூல் மாதிரி நரம்பு மட்டும் நிக்கும். அடித்தண்டுல வெள்ளை நூலும் கடுகு சைஸ்ல பழுப்பு உருண்டைகளும் தெரிஞ்சா அது ஸ்க்ளிரோஷியம்ங்கிற பூஞ்சை, காப்பாத்துறது கஷ்டம். வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு, அதாவது வேரத் தாக்குற பொடிப் புழு, அது வேற கதை.

அழுகல்தான்னு தெரிஞ்சா வேர கழுவிட்டு கறுப்பெல்லாம் வெட்டுங்க, வெள்ளை தெரியுற வரைக்கும், பாவம் பாக்காதீங்க. கத்திரிய ஸ்பிரிட்ல துடைச்சுக்கணும். வேர் குறைஞ்ச அளவுக்கு மேலயும் கிளைய வெட்டி கவாத்து பண்ணணும், இல்லன்னா கொஞ்ச வேரால அவ்ளோ இலைக்கு தண்ணி குடுக்க முடியாது. புதுசா செம்மண், ஆத்து மணல், மக்கின தொழு உரம் கலந்து, மிச்சமிருக்குற வேருக்கு ஏத்த சின்ன தொட்டில வைங்க, பெரிய தொட்டின்னா ஈரம் காயவே காயாது.

நட்டதும் காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற பூஞ்சை மருந்த லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதில ஊத்துங்க, கிளவுஸ் போட்டுக்கோங்க, பக்கத்துல கீரை இருந்தா அதுல தெறிக்காம. கடைக்காரங்க பொதுவா கார்பன்டாசிம்ங்கிற பூஞ்சை மருந்ததான் எடுத்துக் குடுப்பாங்க, ஆனா தண்ணி தேங்குனா வர்ற பித்தியம், பைட்டாப்தோராங்கிற வேரழுகல் கிருமிங்க ரெண்டும் நிஜப் பூஞ்சையே இல்ல, அதுங்ககிட்ட அந்த மருந்து செல்லாது. டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது கெட்ட பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை, நல்ல சாமான்தான், ஆனா காப்பரோட சேத்து ஊத்துனா அதுவும் பாதிக்கப்படலாம், ரெண்டு வாரம் கழிச்சு தொழு உரத்துல கலந்து போடுங்க. உரம் புதுத் துளிர் வந்தப்புறம்தான்.

நிழல்ல வைங்க, மேல் மண்ணு ஒரு இஞ்ச் காஞ்சா மட்டும் தண்ணி. தொட்டிக்கு அடில தட்டு வைக்கிற பழக்கம் இருந்தா மழைக்காலத்துலயாவது எடுத்துடுங்க, ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சா ஓட்டை அடைக்காது.

பாதிக்கு மேல வேர் போயிருந்தா நம்பிக்கைய கொஞ்சம் குறைச்சுக்கோங்க. கவாத்துல விழுந்த கிளைல பச்சையா இருக்குறத புதுச் செடிக்கு மணல்ல சொருகி வைங்க, பழைய மண்ண மட்டும் வேற எந்த தொட்டிலயும் கொட்டிடாதீங்க.