சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? இன்சார்ஜ் சிஸ்டர் பதில்கள்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், சூளகிரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். 46 பேர் தங்கியிருக்கிறார்கள், அதில் 14 பேர் படுத்த படுக்கை. ஜி.என்.எம். நர்சிங் படிப்பு முடித்து ஆஸ்பத்திரி வார்டில் 8 வருடம், இங்கே 11 வருடம். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்து அளவு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நர்சிங் மாணவி, தர்மபுரி: அக்கா, இன்சார்ஜ் ஆகிவிட்டால் ஊசியைவிட பேனாதான் அதிகம் பிடிக்க வேண்டும் என்கிறார்களே?

உண்மைதான் தங்கச்சி. ஆனால் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலை 6.45-க்கு நைட் டியூட்டி சிஸ்டரோடு கட்டில் கட்டிலாக நடந்துதான் ஹேண்ட் ஓவர் எடுப்பேன். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து "எல்லாரும் நார்மல் சிஸ்டர்" என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

9-ஆம் கட்டில் தாத்தா விடிந்ததும் ரேடியோ போடச் சொல்லி ஊரைக் கூட்டுவார். ஒருநாள் சத்தமே இல்லை. பிபி, பல்ஸ், டெம்பரேச்சர் எல்லாம் சரி. நைட் நோட்டில் "நன்றாகத் தூங்கினார்" என்று எழுதியிருந்தது. யூரின் பையைப் பார்த்தால் வழக்கத்தில் பாதிதான், நிறமும் அடர்த்தி. மத்தியானம் பார்க்க வந்த சொந்த மகனையே "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்கு ஜுரம், எரிச்சல் இல்லாமல் திடீர்க் குழப்பமாக மட்டும் இது வெளியே தெரிவது உண்டு. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால், உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. அன்றிலிருந்து பிபி எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே "ரேடியோ கேட்கவில்லை", "காபியில் பாதி வைத்துவிட்டார்" என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் சிரிப்பார்கள்.

ஊத்தங்கரை: சிஸ்டர், அம்மாவுக்கு டாக்டர் இன்சுலினை மாற்றினார். வீட்டில் இருக்கும் பழைய சிரிஞ்சில் சொன்ன கோடு வரைதான் எடுக்கிறோம். ஆனால் 11 மணிக்கெல்லாம் வியர்த்து, கை நடுங்குகிறது.

அடுத்த ஊசி போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். குப்பியில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா? நம் நாட்டில் பல காலமாக வரும் குப்பிகள் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. புதுவகை இன்சுலின் சில 100 யூனிட் குப்பியில் வரும், அதற்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். இன்றைக்கே குப்பியையும் சிரிஞ்சையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். போனில் சொன்னால் நிறம் தெரியாது.

சுகர் 70-க்குக் கீழே இருந்து, ஆள் நினைவோடு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதில் நான் ஒன்றும் உத்தமி இல்லை. நான்கு வருடம் முன்பு எங்கள் ஸ்டோருக்கு ஆரஞ்சு மூடி பெட்டி ஒன்று தவறி வந்துவிட்டது. 40 குப்பிக்கு அதைப் பயன்படுத்தினோம், 20 போட வேண்டிய இடத்தில் 8 யூனிட்தான் போயிருக்கிறது. மூன்று நாள் ஒரு பாட்டிக்கு சுகர் 400-ஐ விட்டு இறங்கவில்லை. மாம்பழ சீசன் வேறு. மகள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று நானே முடிவு கட்டி, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தேன். நான்காம் நாள் குப்பைத் தொட்டியில் மூடியின் நிறத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே "அடுத்த வருடம் நிஜமாகவே கொண்டுவருகிறேன்" என்றார்.

பென்னாகரம்: அப்பா ஆறு மாதமாகப் படுக்கையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். தொட்டாலே முதுகு வலிக்கிறது என்று கத்துகிறார். பாவமாக இருக்கிறது, விட்டுவிடுகிறோம்.

விட்டுவிடாதீர்கள், திருப்பும் விதத்தை மாற்றுங்கள். அப்பா எத்தனை வருடம் போர் தண்ணீர் குடித்தார்? உங்கள் பக்கமும் பாலக்கோடு பக்கமும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, ஆனால் அதற்கு முன் எலும்பில் சேர்ந்தது எங்கே போகும்? பல்லில் மஞ்சள் கறை இருந்து, கழுத்தும் முதுகும் பலகை மாதிரி விறைத்திருந்தால் டாக்டரிடம் இந்த சந்தேகத்தையும் சொல்லுங்கள். அப்படி உள்ளவரைத் தோளைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும், கத்தத்தான் செய்வார்.

மடித்த பெட்ஷீட் ஒன்றைத் தோளிலிருந்து தொடைவரை அடியில் போடுங்கள். இரண்டு பேர் நின்று, ஷீட்டைப் பிடித்து, தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் உருளும்படி திருப்புங்கள். முழுக்கப் பக்கவாட்டில் வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்ந்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் திருப்புவது திருப்புவதுதான்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் தப்பித்தோம். வெளுக்கவே இல்லை என்றால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, காற்று வளையமும் வைக்கக் கூடாது. புண் வந்துவிட்டால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸ் இருக்கிறார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

காவேரிப்பட்டினம்: குழம்பிப்போய்த் திமிறும் பெரியவர்களின் கையைக் கட்டிலோடு கட்டி வைப்பீர்களாமே?

இல்லை. கட்டினால் இன்னும் திமிறுவார், தோல் கிழியும். தாழ்வான கட்டில் போட்டு, பக்கத்தில் ஆள் உட்காருகிறார். இதற்கு ஆள் செலவு அதிகம், அதனால்தான் சில இடங்களில் கட்டுகிறார்கள்.

ஓசூர், ஐ.டி. வேலை: அம்மாவுக்கு மறதி நோய். 40 வருடம் தமிழ்தான் பேசினார். இப்போது தெலுங்கில் மட்டும் பேசுகிறார், எனக்கே பாதிதான் புரிகிறது.

சின்ன வயதில் பேசிய மொழிக்குப் பலர் இப்படித் திரும்பிப் போவார்கள். அடம் என்று நினைக்காதீர்கள், பின்னால் கற்றது முன்னால் கழன்றுகொள்கிறது. எங்கள் டியூட்டி சார்ட்டில் ஒவ்வொரு ஷிப்டிலும் தெலுங்கு தெரிந்தவர் ஒருவர், கன்னடம் தெரிந்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் குளிக்கக் கூப்பிட்டால் அடிப்பார், கடிக்கக்கூட வருவார். புதிதாகச் சேர்ந்த தளிப் பெண் ஒருத்தி வந்து, "பிசி நீரு இதெ, பா அஜ்ஜி" என்று கன்னடத்தில் சொன்னாள். வெந்நீர் இருக்கிறது, வா பாட்டி என்கிறாள், அவ்வளவுதான். பாட்டி எழுந்து கையைக் கொடுத்துவிட்டார். உங்கள் பெரியம்மா, சித்தி யாராவது இருந்தால் பத்துப் பதினைந்து தெலுங்குச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வலி, பசி, தண்ணீர், பாத்ரூம், குளிர்.

அரூர்: பக்கவாதம் வந்த தாத்தா ராகிக் களிதான் வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

களியை நம்மவர்கள் மெல்வதே இல்லை, குழம்பில் தொட்டு அப்படியே விழுங்குவார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு தொண்டைத் தசை பலவீனமாக இருக்கும்போது அது அப்படியே அடைத்துக்கொள்ளும். விழுங்கும் திறனை ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லும்வரை களி வேண்டாம். சோதித்த பிறகு, அவர்கள் சொல்லும் பதத்தில் கட்டியில்லாத ராகிக் கூழாகக் கொடுக்கலாம், ருசி அதேதான். ரொம்ப ஏமாற்றுவது பச்சைத் தண்ணீர். நீர்த்தது வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், சிலருக்கு இருமல்கூட வராது. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொடுத்து, நடுவில் பேசவைத்துப் பாருங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொளகொளத்தால் நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கவைக்காமல் அரைமணி நேரம் உட்காரட்டும்.

புதிதாக இன்சார்ஜ் ஆனவர், பர்கூர்: எனக்கு 26 வயது. ஆயாம்மாக்கள் எல்லாம் அம்மா வயது. வேலை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எனக்கும் திருப்பினார்கள். முதலில் ஒரு வாரம் அவர்களோடு சேர்ந்து டயபர் மாற்றுங்கள், பேச்சு தானாக மாறும். ஒருவர் தவறு செய்தால் மற்றவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். அவர்களிடம் கேட்கவும் பழகுங்கள். இரவு பாத்ரூம் போகும் வழியில் ஒரு தாத்தா விழுந்துவிட்டார். "ஒன்றுமில்லை, தூக்கி விடு" என்று அவரே சொல்கிறார். நைட் சிஸ்டரும் தூக்கக் கை வைத்துவிட்டார். ஆயாம்மாதான் தடுத்தார்: "பாப்பா, இந்தக் கால் குட்டையா தெரியுது பாரு, பாதம் வெளிப்பக்கமா சாஞ்சிருக்கு." இடுப்பு எலும்பு முறிவு. தூக்கியிருந்தால் இன்னும் கெட்டிருக்கும். மறுநாள் ஹேண்ட் ஓவரில் அந்த ஆயாம்மாவையே நடந்ததைச் சொல்லச் சொன்னேன், அவர் சொன்னபடியே நோட்டில் எழுதினேன்.

கிருஷ்ணகிரி: இல்லம் தேடிக்கொண்டிருக்கிறோம். எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்?

சொல்லாமல் கொள்ளாமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கேட் அருகில் இருக்கும் பூந்தொட்டியைப் பார்க்காதீர்கள், படுக்கையில் இருப்பவரின் நகத்தைப் பாருங்கள். இரவில் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசியாக, விழுந்தவர்கள் பற்றி எழுதும் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். "எங்கள் இடத்தில் யாரும் விழுந்ததே இல்லை" என்றால் எழுதுவதில்லை என்று அர்த்தம், வேறு இடம் பாருங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி: மகன் கைவிட்ட ஒரு பெரியவருக்காகக் கேட்கிறேன். சட்டத்தில் வழி உண்டா?

உண்டு. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட முடியும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14567, முதியோர் உதவி எண்.

ஓசூர்: இரவில் ஒருவர் இறந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

டாக்டர் வந்து உறுதி செய்து எழுதிக் கொடுக்கும்வரை நான் இறப்பு என்று சொல்வதில்லை. அப்புறம் வீட்டுக்குப் போன். நகை இருந்தால் இரண்டு பேர் முன்னிலையில் கழற்றி, எழுதி, கையெழுத்து. 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை அப்போது சொன்னால் யார் காதிலும் ஏறாது, பேப்பரில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். டாக்டர் உறுதி செய்ததும் முதல் வேலையாகப் பல் செட்டைக் கழுவி வாயில் வைத்துவிடுவோம். நேரம் போனால் தாடை இறுகிவிடும், பிறகு வைக்க முடியாது. கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தால் பெங்களூரிலிருந்து ஓடிவரும் மகளுக்கு அம்மா முகமே தெரியாது.

போச்சம்பள்ளி: சிஸ்டர், சுகர் இருக்கும் அப்பாவுக்கு சீசனில் ஒரு துண்டு மாம்பழமாவது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கூடவே கூடாது என்று எப்படிச் சொல்வது? சுகர் கட்டுக்குள் இருந்து டாக்டரும் சரி என்றால், சோற்றில் ஒரு கரண்டி குறைத்துவிட்டு இரண்டு சின்னத் துண்டு. ஜூஸ் கிடையாது. எங்கள் இல்லத்துக்கும் ஒரு தோட்டத்துக்காரர் கூடை கூடையாகப் பெங்களூரா மாம்பழம் அனுப்புவார். யாருக்கு எத்தனை துண்டு என்று அதற்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.