பழைய கார்களும் பாகங்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாமா விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் காரின் முன்கண்ணாடி நடுவில் சட்டம் வைத்து இரண்டு துண்டாக இருக்கிறது. முகப்பிலுள்ள கிறில் படுக்கைவாட்டில் செல்லும் கம்பிகளால் ஆனது. எஞ்சின் தகட்டு எண் 9எம் என்று தொடங்குகிறது. பதிவுப் புத்தகம் 1955 என்கிறது. பார்க்க வருகிறவர்களோ இது ‘மைனர் 1000’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– உப்புவெளி வாசகர்

பதில்: மூன்று அடையாளங்களையும் தவறாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்ட மைனர், 1970களின் தொடக்கம் வரை ஏறக்குறைய ஒரே உருவத்தோடு வெளிவந்தது. அதனால்தான் தூரத்தில் நின்று பார்த்து அதன் வயதைச் சொல்கிறவர்கள் அடிக்கடி தவறிவிடுகிறார்கள். 918 சிசி பக்கவால்வு எஞ்சினோடு தொடங்கிய இந்தக் காருக்கு, 1952இல் வந்த இரண்டாம் வரிசையில், ஒஸ்ரின் நிறுவனத்தின் 803 சிசி மேல்வால்வு எஞ்சின் கிடைத்தது. 1954இன் பிற்பகுதியில் பழைய சல்லடைக் கிறிலுக்குப் பதிலாகப் படுக்கைக் கம்பிக் கிறில் வந்தது. 1956இன் பிற்பகுதியில், 948 சிசி எஞ்சினோடு ‘மைனர் 1000’ வந்தபோது முன்கண்ணாடி வளைந்த ஒரே துண்டாகியது, பின்கண்ணாடியும் பெரிதாகியது. ஆகவே, படுக்கைக் கம்பிக் கிறிலும் இரட்டைக் கண்ணாடியும் ஒன்றாகக் காணப்படும் உங்கள் காரின் உடல் அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள்தான் அடங்கும். புத்தகத்தின் 1955 அதனோடு ஒத்துப்போகிறது. ஆனால் புத்தகத்தில் உள்ளது இலங்கையில் பதிவு செய்த ஆண்டு என்பதையும், கார் தொழிற்சாலையை விட்டுக் கப்பலேறிய நாள் அதற்கும் சில மாதங்கள் முந்தியதாக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

குழப்பம் எஞ்சினால் வந்தது. 803 சிசி எஞ்சினின் தகட்டு எண் ஏபிஎச்எம் என்று தொடங்க வேண்டும். 9எம் என்பது 948 சிசிக்கு உரியது. இரண்டும் ஒஸ்ரினின் ‘ஏ வரிசை’ என்ற ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது பெரிய சிரமமின்றி அமரும். உங்கள் மாமாவோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ தேய்ந்த எஞ்சினை இறக்கிவிட்டு வலுவானதை ஏற்றியிருக்கிறார். கியர்ப்பெட்டியும் சேர்ந்து மாறியதா என்பதை காருக்குள் உட்கார்ந்தவுடனேயே அறியலாம்: 803 காரில் கியர்த்தடி முன்னாலிருந்து நீளமாக வளைந்து வரும், மைனர் 1000இல் அது குட்டையாகக் கைக்கு அருகிலேயே நிற்கும். பின் அச்சையும் பார்த்துவிடுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, பின்பக்கத்தை உறுதியான தாங்கிகளில் ஏற்றி, இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அந்நேரம் கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பெலர் தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால் அது 948 காரின் 4.55 விகித அச்சு. ஐந்தைத் தாண்டினால் பழைய அச்சு அப்படியே இருக்கிறது.

இப்படிக் கலந்திருப்பதை நான் குறையாகக் கருதுவதில்லை. நமது பகுதியில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார் ஒன்று, கிடைத்த பாகத்தைக் கொண்டு உயிர் பிழைத்ததற்கு அதுவே சாட்சி. இருந்தாலும் தகட்டு எண்ணைப் பதிவுப் புத்தகத்தின் எஞ்சின் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்வது அவசியம்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒரு மைனர் பம்பர் வாங்கினேன். அதன் நடுவில் ஏறக்குறைய அரைச் சாண் அகலத்தில் துண்டு ஒன்று ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது. மோதி உடைந்ததைச் சேர்த்திருக்கிறார்களா? விமானத் தளத்து வெள்ளைக்கார அதிகாரியின் காரிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார்.
– சீனக்குடா வாசகர்

பதில்: அந்தத் துண்டை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். நாலு அங்குலம் இருந்தால் உங்களிடம் இருப்பது அரிய பொருள். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, கண்ணுக்குப் பொருந்தும் வரை இரு பாதிகளையும் விலக்கினார். 57 அங்குல அகலம் 61 ஆனது. அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்யப்பட்டிருந்தன. ஆகவே தொடக்ககாலக் கார்களில் அவற்றை நடுவில் வெட்டி, இடையே நாலங்குலத் துண்டு சேர்த்தார்கள். பொனட்டின் நடுவே செல்லும் தட்டையான பட்டையும் அதே அகலிப்பின் அடையாளம். அது கடைசி மைனர் வரை நீடித்தது. பம்பர் துண்டின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள்: இரு ஓரங்களும் ஒரே சீராக, நேராக வெட்டப்பட்டிருந்தால் தொழிற்சாலை வேலை, உருக்கிய கட்டிகள் விரலில் இடறினால் கராஜ் வேலை.

அதிகாரியின் கதையை மட்டும் தாளில் ஆதாரம் இல்லாமல் ஏற்க வேண்டாம். பிரித்தானியப் படையினர் 1957இல் திருகோணமலையை விட்டுச் சென்றது உண்மைதான். ஆனால் இங்குள்ள ஒவ்வொரு பழைய பாகத்துக்கும் அந்தக் கதை ஒட்டிக்கொள்வதை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

கேள்வி: பக்கவால்வு மைனர் எஞ்சினைப் பிரித்தேன். போல்ட் தலைகளுக்கு விட்வேர்த் (பழைய ஆங்கில அளவு) ஸ்பனர் சரியாகப் பொருந்துகிறது; ஆனால் அதே அளவு விட்வேர்த் போல்ட்டை மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றிலேயே இறுகி நின்றுவிடுகிறது.
– கிண்ணியா வாசகர்

பதில்: உடனே நிறுத்துங்கள், மேலும் முறுக்கினால் பிளொக்கின் புரி அழிந்துவிடும். அந்த எஞ்சினின் போல்ட் தலைகள் ஆங்கில அளவு, புரிகள் மெட்ரிக். மொறிஸ் நிறுவனம் 1923இல் வாங்கிய கவன்ட்ரி எஞ்சின் தொழிற்சாலை, ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீற்றர் புரி வெட்டுபவை. பிரித்தானிய மெக்கானிக்குகளின் ஸ்பனருக்காகத் தலையை மட்டும் ஆங்கில அளவில் வைத்தார்கள். இந்த வழக்கம் 918 சிசி எஞ்சின் வரை தொடர்ந்தது. பழைய போல்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் கழற்றிய துளையின் பெயர் எழுதிய காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிற்கால ஏ வரிசை எஞ்சினில் இந்தச் சிக்கல் இல்லை. அதிலுள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் யூஎன்எஃப் என்ற அங்குல அளவு நுண்புரி கொண்டவை. போல்ட் தலையில் வட்டக் குழியோ, தலையின் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் சிறு வளையங்களோ இருந்தால் அது யூஎன்எஃப்தான்.

கேள்வி: பாகங்களில் பொறித்த எண்கள் துருவில் மறைந்துவிட்டன. கம்பித் தூரிகையால் தேய்க்கலாமா?
– உவர்மலை வாசகர்

பதில்: கூடாது. கடற்காற்று படும் வீடுகளில் உலோகம் ஏற்கனவே மெலிந்திருக்கும்; கம்பித் தூரிகை எண்ணையும் சேர்த்தே எடுத்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓர் இரவு சுற்றி வைத்து, காலையில் பழைய பல்துலக்கும் தூரிகையால் மெல்லத் தேயுங்கள். பிறகு வெள்ளைச் சுண்ணக்கட்டியைத் தட்டையாகப் பிடித்துத் தடவி, மேற்பரப்பைத் துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் வெண்மை தங்கும். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, அருகில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள்.

லூக்காஸ் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் பாக எண்ணுக்கு அருகே மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘8 56’ என்றால் 1956 ஓகஸ்ட். ஸ்மித்ஸ் வேகமானியின் முகப்பில், கீழே மிகச் சிறிய எழுத்தில் உள்ள எண்தொடரின் இறுதியில் 1600 போன்ற எண் இருந்தால், ஒரு மைலுக்குக் கேபிள் சுற்றும் சுற்றுகளின் கணக்கு அது. வேறு காரின் மானியைப் பொருத்தினால் வேகம் பிழையாகக் காட்டுவது இதனால்தான்.

எனது சொந்தக் காரைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது, பொனட்டுக்குள் இருந்த அடையாளத் தகட்டை ஒரு கராஜில் கழற்றிப் போட்டுத் தொலைத்துவிட்டார்கள். ரிவெட் துளைகள் இரண்டும் இன்று வரை வெறுமையாகவே இருக்கின்றன. ஆகவே, கார் எங்கு போவதாக இருந்தாலும், முதல் நாள் மாலையே தகடுகளைப் படமெடுத்து, எண்களைக் கொப்பியில் எழுதி, தகட்டின் மேல் காகித நாடாவை ஒட்டிய பின்னரே சாவியைக் கொடுங்கள்.