நான்கு மாதம் ஊருக்குப் போகிறேன்... காரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

கேள்வி: டிசம்பர் முதல் வாரம் மதுரைக்குப் போய், ஏப்ரல் தொடக்கத்தில்தான் டொராண்டோ திரும்புகிறேன். பெட்ரோல் கொரோலா, ஆட்டோமேட்டிக். டிரைவ்வேயில் வெட்டவெளியில்தான் நிற்கும். பக்கத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன் என்கிறார் நண்பர். அது போதுமா? பெட்ரோலை வடித்துவிட வேண்டுமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: நண்பருக்கு நன்றி சொல்லி, வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் காருக்குக் கெடுதல்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது அது ஆவியாகப் போய்விடும். குளிரில் நின்றபடி ஓடும் காரில் சைலன்சர் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். ஆயிலிலும் ஈரமும் எரியாத பெட்ரோலும் சேரும். குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்கும் என்பதால் அதற்கும் பெரிய லாபமில்லை. அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவர முடியுமென்றால் சரி. இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல்.

உங்கள் முழுக் கவனமும் பேட்டரியில் இருக்கட்டும். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு முக்கால் ஆம்பியர்-மணி என்றாலும் 120 நாளில் 86 ஆகிறது. உங்கள் பேட்டரியின் கொள்ளளவே அதைவிடக் குறைவு. சார்ஜ் முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 7 டிகிரியிலேயே உறைந்து, கூடு வெடித்துவிடும். முழு சார்ஜில் இருப்பதோ மைனஸ் 50-ஐத் தாண்டினாலும் உறையாது. ஆகவே குளிரைவிடச் சார்ஜ் கசிவுதான் எதிரி. கிளம்பும் முன் சார்ஜரில் போட்டு 12.6 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனை பேட்டரியைத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிவிடுங்கள். கேபிள் கழற்றிய பேட்டரி குளிரில் மிக மெதுவாகவே சார்ஜ் இழக்கும் என்பதால் காரிலேயே இருக்கலாம். அதன்பின் ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவியாலேயே பூட்டித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலை வடிக்க வேண்டாம். டேங்க் காலியாக இருந்தால்தான் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும். ஃபியூயல் ஸ்டெபிலைசரை (பெட்ரோல் கெட்டுப்போகாமல் காக்கும் திரவம்) முதலில் ஊற்றி, பங்கில் டேங்கை நிரப்பி, கால் மணி நேரம் ஓட்டினால் இன்ஜெக்டர் வரை கலந்துவிடும். பல பிராண்டுகளில் 10 லிட்டருக்கு 30 மில்லி கணக்கு. உங்கள் 50 லிட்டர் டேங்குக்கு 150 மில்லி. பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி.

ஆயில் மாற்றும் தேதி நெருங்கியிருந்தால் திரும்பி வந்து பார்க்கலாமென்று தள்ளிப்போடாதீர்கள். பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். கூலண்டை டெஸ்டரால் அளந்து பாருங்கள். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை மைனஸ் 37 வரை தாங்கும். கோடையில் யாராவது வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். வைப்பர் தண்ணீரும் மைனஸ் 40 வகையாக இருக்க வேண்டும்.

டயரில் வழக்கத்தைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக வையுங்கள் (டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல்). வெப்பம் 5, 6 டிகிரி குறையும்போதெல்லாம் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். ஏப்ரலிலும் அங்கே பனி கொட்டலாம், விண்டர் டயரை இப்போதே மாட்டிவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. பிரேக் துருவோடு ஒட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது சக்கரம் சுற்றாது. கியரை ‘பி’யில் (பார்க்) நிறுத்திச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சாலை உப்பு போகும்படி அடிப்பகுதியையும் கழுவி, பிரேக் காய இருபது நிமிடம் ஓட்டிய பிறகே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தார்பாலின் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றுப் புகும் கவர் இல்லையென்றால் சும்மா விடலாம்.

பிஸ்கட் தூள், முறுக்கு, குழந்தை சீட்டின் இடுக்கில் விழுந்த சாதம் எல்லாவற்றையும் வாக்யூம் செய்யுங்கள். எலி புகுந்தால் வயரைக் கடித்துவைக்கும், அந்தச் செலவு பேட்டரி விலையைவிட அதிகம். புகைக்குழாயிலும் ஏர் ஃபில்டரின் காற்று வாயிலும் ஸ்டீல் வூல் அடைத்து, ‘எடுக்கவும்’ என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள். கோக் டின் எதையும் உள்ளே விடாதீர்கள், உறைந்து வெடிக்கும்.

இன்சூரன்ஸ்: ஒண்டாரியோவில் ஓ.பி.சி.எஃப். 16 படிவம் மூலம் சாலைக் காப்பீட்டை நிறுத்திவைத்து, திருட்டு, தீ போன்றவற்றுக்கான பகுதியை மட்டும் தொடரலாம், கட்டணம் குறையும். கார் கடனிலோ லீஸிலோ இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காப்பீட்டை மறுபடி தொடங்கியதாக எழுத்தில் உறுதி வரும்வரை தெருமுனை வரைகூட ஓட்ட முடியாது என்பதால், மதுரையிலிருந்து கிளம்பும் முன்பே புரோக்கருக்கு மெயில் போட்டுவிடுங்கள்.